தெம்பிலிகலக் கல்வெட்டு

வரலாறு படிக்கப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையை எங்கள் பக்கத்தில் யாரும் வாழ்த்துவதில்லை. வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று துக்கம் விசாரிப்பார்கள். எங்கள் பல்கலைக்கழகமும் அதற்கு ஏற்றதுதான். ரப்பர் தோட்டத்தை வெட்டி, ஏதோ ஒரு தேர்தலுக்கு முன்னால் அவசர அவசரமாகத் திறந்துவைத்து, பிறகு எல்லோரும் மறந்துபோன இடம். மழை பெய்தால் விரிவுரை மண்டபத்தின் தகரக் கூரை போடும் சத்தத்தில் எந்த அரசன் எவனைக் கொன்றான் என்பதே காதில் விழாது. இருந்தாலும் அங்கே படித்த பிள்ளைகளை யாரும் குறைத்து எண்ண வேண்டாம். பாணும் பருப்பும் அரை வயிற்றுக்குத் தின்றுவிட்டு ஆயிரம் வருடத்துச் சங்கதிகளை மனப்பாடம் செய்வது எல்லோராலும் முடிகிற காரியமல்ல.

உதேனி அங்கே முதலாம் ஆண்டில் இருந்தாள். கேகாலைப் பக்கத்துப் பெண். ஆனால் பெரியம்மா வீட்டில் தங்கிக் கொழும்பில் பள்ளிக்கூடம் போனதால் வாயில் ஆங்கிலம் வழுக்கிக்கொண்டு வரும். அந்த ஒன்றே போதுமாயிருந்தது. விரிவுரைகள் சிங்களத்தில் நடந்தன. நூலகத்தில் இருந்த நல்ல வரலாற்றுப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. வகுப்பின் மற்ற முப்பது பேரும் அந்த அலுமாரிப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். உதேனி மட்டும் தடித்த புத்தகம் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி வருவாள். கன்டீனில் இருக்கிறவர்கள் பார்க்கட்டும் என்று கொஞ்சம் மெதுவாகத்தான் இறங்குவாள்.

பரீட்சை நெருங்கினால் குப்பி தொடங்கும். முன்னொரு காலத்தில், மின்சாரம் இல்லாத விடுதிகளில், குப்பி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து விளங்கியவர் விளங்காதவருக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம். விளக்குப் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. குப்பி கொடுக்கிறவருக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அவருக்குக் கிடைக்கும் மரியாதை எந்த விரிவுரையாளருக்கும் கிடைக்காது. விரிவுரையில் கேட்டதைத் தூக்கத்தில் விட்டுவிடுவார்கள். குப்பியில் கேட்டதை ஒரு சொல் மாறாமல் எழுதுவார்கள். முதலாம் ஆண்டு வரலாற்றுக்கு உதேனிதான் குப்பி என்று யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. அது தானாகவே அப்படி ஆகிவிட்டது.

அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. பெரியம்மா வீட்டில் பேசிய ஆங்கிலம் வேறு, அந்தப் புத்தகங்களின் ஆங்கிலம் வேறு. அகராதியைப் பைக்குள் மறைத்துக்கொண்டு போய், நூலகத்தின் மூலை மேசையில் வைத்துத்தான் படிப்பாள். அப்படியும் ஒரு பக்கத்தில் பாதி பிடிபடும். மீதியை அவளாக நிரப்பிக்கொள்வாள். நிரப்பியது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதனால் எது படித்தது, எது நிரப்பியது என்ற வித்தியாசம் நாளடைவில் அவளுக்கே மங்கிப்போனது.

அவளுடைய அறைத்தோழி ருவந்திகா. மொனராகலைக்கும் உள்ளே, குளத்தை நம்பி வயல் செய்யும் ஊர். அந்தக் குளத்தைக் கட்டியது யார் என்று சின்ன வயதில் கேட்டு, பூதங்கள் கட்டின என்ற பதிலில் திருப்திப்படாமல் வளர்ந்தவள். வருட முடிவுப் பரீட்சையில் முதல் பத்து இடத்துக்குள் வருகிறவர்கள் வரலாற்றில் சிறப்புப் பட்டம் படிக்கலாம். கடைசி வருடத்தில் சொந்தமாக ஓர் ஆய்வு செய்யலாம். மற்றவர்கள் மூன்று பாடத்தைச் சேர்த்துப் பொதுப் பட்டம் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பலருக்கு எதுவும் ஒன்றுதான், அரசாங்க உத்தியோகத்துக்கு ஒரு சான்றிதழ் இருந்தால் சரி. ருவந்திகாவுக்கு அப்படியல்ல. தன் ஊர்க் குளத்தைப் பற்றி எழுதவேண்டும் என்பதற்காகவே அவள் வரலாற்றுக்கு வந்திருந்தாள். ஆய்வுக்குத் தலைப்புக்கூட யோசித்து வைத்திருந்தாள். உதேனி அதைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள்.

அந்த வருடக் குப்பி கன்டீனுக்குப் பின்னால் இருந்த மாரா மரத்தடியில் பின்னேரம் நடந்தது. வகுப்பில் இருந்த பிக்கு, ரேவத ஹாமதுரு, மட்டும் வரவில்லை. பெண் பிள்ளைகளோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் விகாரையில் பேச்சு வரும் என்று அவர் தனியாகப் படிப்பார். மற்ற எல்லோரும் இருந்தார்கள். சிறு குளங்களைப் பராமரித்தது அரசனா, ஊரவர்களா என்ற கேள்வி எப்படியும் வரும் என்று உதேனி சொன்னாள். அது அந்தப் பாடத்தின் விரிவுரையாளர் ஹபுகொட சேரின் செல்லக் கேள்வி. ஊரவர்களே பராமரித்தார்கள் என்று எழுதுங்கள் என்றாள்.

வகுப்பின் வாய்க்காரன் அசேல பேனாவை உயர்த்தினான். "அது சரி, சான்று எங்க? சான்று இல்லாட்டி மனுசன் கால்வாசி மார்க்கும் போடாது."

சான்று புத்தகத்தில் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் முழுவதும் பழைய கல்வெட்டு வாசகத்தை ஆங்கில எழுத்தில் புள்ளியும் கோடும் போட்டு எழுதியதாக இருந்ததால், நாளைக்குப் பார்க்கலாம் என்று உதேனி புரட்டிவிட்டிருந்தாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றாலும் யாரும் கோபித்திருக்க மாட்டார்கள். ஆனால் அவளைப் பார்த்தபடி அத்தனை பேனாக்கள் தாளின்மேல் காத்திருந்தன. குப்பி கொடுக்கிறவள் தெரியாது என்று சொல்வதா?

"ஒரு கல்வெட்டு இருக்கு," என்றாள். "தெம்பிலிகலக் கல்வெட்டு."

தெம்பிலிகல அவள் ஊருக்கு முந்திய பஸ் தரிப்பு. அங்கே ஓர் இளநீர்க் கடையும் ஒரு பாறையும் உண்டு. பாறையில் சவர்க்கார விளம்பரத்தைத் தவிர வேறு எழுத்து எதுவும் கிடையாது. வாயில் வந்த பெயரைச் சொல்லிவிட்டாள். பிறகு அந்தப் பெயருக்கு ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டு என்றாள். யார் வெட்டியது என்று கேட்டார்கள். நாகன் என்ற ஊர்த்தலைவன் என்றாள். மடை உடைந்தபோது ஊரைக் கூட்டிக் கட்டிவிட்டு, வறட்சியில் தன் பங்குத் தண்ணீரில் பாதியைக் கடைசி வயல்காரனுக்கு விட்டுக்கொடுத்தான் என்றாள். பொய் இவ்வளவு சுலபமாக ஓடும் என்று அவளுக்கு அதற்கு முன் தெரியாது. முப்பது வருடம் அதைப் படித்தவள் மாதிரிச் சொல்லிக்கொண்டு போனாள்.

ருவந்திகா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "எங்கட ஊரில இப்பவும் அப்பிடித்தான்டி. தண்ணி குறைஞ்சா மேல் வயல்காரர்தான் விட்டுக்குடுக்க வேணும். அது கல்லில எழுதிக் கிடக்கெண்டு எனக்குத் தெரியாமப் போச்சே." சிவப்புப் பேனா எடுத்து நாகனின் பெயருக்கு அடியில் கோடு போட்டாள். அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் தான் சொன்னது பொய் என்பது உதேனிக்கு உறைத்தது.

மறுநாள் விடிந்ததும் நூலகத்துக்கு ஓடினாள். அகராதியை மேசைமேல் எல்லோரும் காணும்படியே வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாள். உண்மையான கல்வெட்டு அங்கே இருந்தது. வேறு ஊர், வேறு நூற்றாண்டு. விட்டுக்கொடுத்தவன் யாரும் அதில் இல்லை; பழுது பார்க்க வராதவனுக்கு என்ன தண்டம் என்றுதான் இருந்தது. போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் படியிறங்கினாள். கன்டீனில் தேநீர் வரிசையில் நின்ற அசேல அவளைக் கண்டதும், நாகன் நலமா, வறட்சி எப்படி என்று விசாரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நாகன் அதற்குள் வகுப்புக்கே உறவுக்காரனாகிவிட்டான். கல்வெட்டின் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். தப்பாக நினைவிருந்தது என்று சமாளித்தால், பங்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ருவந்திகா கேட்பாள். உதேனி பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் போனாள். கேள்வி வராமலும் போகலாம் அல்லவா?

பரீட்சை மண்டப வாசலில் ருவந்திகா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு நாகனின் கதையை ஒருமுறை ஒப்பித்துவிட்டு, "சரியாடி?" என்று கேட்டாள்.

"சரி," என்றாள் உதேனி.

கேள்வி வந்தது, முதலாவதாகவே. முன் வரிசையில் அசேல திரும்பி அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினான். மண்டபம் முழுவதும் பேனாக்கள் ஓடின. உதேனி கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதாமல் இருந்தாள். பிறகு எழுதினாள். என்ன எழுதினாள் என்று கேட்கிறீர்களா? நூலகத்தில் படித்ததை எழுதினாள். உண்மையான கல்வெட்டை, உண்மையான நூற்றாண்டோடு. இல்லாத ஒன்றைப் பரீட்சைத் தாளில் எழுத அவளுக்குக் கை வரவில்லை. மற்றவர்களை எழுதவைக்க மட்டும் வாய் வந்தது.

சில வாரம் கழித்து ஹபுகொட சேர் ஒரு கட்டுத் தாள்களோடு வகுப்புக்கு வந்தார். மெலிந்த மனிதர், சத்தம் போட மாட்டார், சத்தம் போட்டால் நன்றாயிருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். கல்வெட்டுகளோடு தான் அரை ஆயுளைக் கழித்ததாகவும், தெம்பிலிகலக் கல்வெட்டை மட்டும் இன்னும் காணக் கொடுத்துவைக்கவில்லை என்றும் சொன்னார். தொல்பொருள் திணைக்களத்தில் ஒரு சிநேகிதரிடம் விசாரித்தாராம். அவரும் கண்டதில்லையாம். வழி தெரிந்தவர்கள் சொன்னால் பஸ் பிடித்து எல்லோருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அவர் தாள் கட்டை மேசையில் வைத்த விதத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பிள்ளைகளிடம் எவ்வளவு குறை இருந்தாலும் தன் வகுப்பு ஆளைக் காட்டிக்கொடுக்கும் குறை கிடையாது. அசேலகூடத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கல்லுக்குப் போகாத ஆக்கள் ரெண்டே ரெண்டு பேர்," என்றார் சேர். "ஒண்டு ரேவத ஹாமதுரு. மற்றது உதேனி. உதேனி சரியான கல்வெட்டை, சரியான விளக்கத்தோட எழுதியிருக்கிறா. இல்லாததை எழுதேல்ல. எல்லாரும் உதேனி மாதிரி வாசிக்கப் பழக வேணும்."

அவர் அதைச் சொல்லிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். உதேனியின் காது இரண்டும் எரிந்தன. எழுந்து நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கால்களை ஊன்றக்கூடச் செய்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஒருத்தராவது முறைத்திருந்தால் எழுந்திருப்பாள் என்று பிறகு தன்னையே சமாதானம் செய்துகொள்வாள். பக்கத்தில் ருவந்திகா குறிப்புத் தாளின் தலைப்பில் அன்றைய தேதியை எழுதி, அதன் கீழ் நேராக ஒரு கோடு போட்டாள். மணி அடித்தது. சேர் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு அவளுக்குத் தெம்பிலி, அதாவது செவ்விளநீர், என்று பெயர் வந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, அதில் புதுமை ஒன்றுமில்லை. யாரும் சண்டை பிடிக்கவில்லை, ஒதுக்கிவைக்கவும் இல்லை. கன்டீனில் இடம் விட்டார்கள், சம்பலை நகர்த்தி வைத்தார்கள். "தெம்பிலி, அந்தத் தண்ணிக் கோப்பையைத் தா, பாதி போதும்," என்பான் அசேல. அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டுக் கை கழுவும் இடத்தில் போய் நிற்பாள். ருவந்திகா மட்டும் சிரிக்கவும் இல்லை, பெயரை மாற்றிக் கூப்பிடவும் இல்லை. காலையில் அவளுக்கும் சேர்த்து வெந்நீர் வைப்பாள். துணி காயவைக்க இடம் விடுவாள். குளத்தைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். வெட்கம் என்பது முகம் சிவந்து போய்விடுகிற ஒன்று என்று உதேனி நினைத்திருந்தாள். அது அறைக்குள் கூடவே குடியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் ஒரு நாள் மத்தியானம் சேரின் அறைக் கதவைத் தட்டினாள். அவர் சோற்றுப் பார்சலை அவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். மாரா மரத்தடியில் தொடங்கி மண்டப வாசல் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது அழக்கூடாது என்று நினைத்து வந்திருந்தாள், அழுதுவிட்டாள்.

சேர் வியப்படையவில்லை. "குப்பி குடுக்கிறது நீ எண்டு எனக்குத் தெரியாதே பிள்ள? குப்பியில சொன்னதை முழு வகுப்பும் எழுதியிருக்கு. குடுத்தவள் மட்டும் எழுதேல்ல. அதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேணுமே?"

அப்படியென்றால் வகுப்பில் ஏன் புகழ்ந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே அவர் பதில் சொன்னார். "எழும்புவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

இப்போது மார்க்கை மாற்ற முடியுமா, அந்தக் கேள்வியை நீக்க முடியுமா, என்னுடையதைக் குறையுங்கள் என்றெல்லாம் கெஞ்சினாள். மார்க் பரீட்சைச் சபைக்குப் போய்விட்டது என்றார் அவர். இல்லாத கல்வெட்டை எழுதியவர்களுக்கு மார்க் போடத் தன்னால் முடியாது. இருக்கிற கல்வெட்டை எழுதியவளுக்குக் குறைக்கவும் முடியாது.

"அண்டைக்கே எழும்பியிருந்தா, சேர்?"

"யோசிச்சிருப்பன்," என்றார். பிறகு சோற்றில் கை வைத்தார். அவருக்கும் அது இறங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், பாதியில் மடித்துவிட்டார்.

பத்துப் பேரின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் வந்தபோது முதல் பெயர் உதேனியுடையது. ருவந்திகாவின் பெயர் அதில் இல்லை. மிகவும் பின்னாலும் இல்லை; மற்றவர்கள் நாகனைச் சில வரியில் விட்டிருக்க, முழு விடையையும் அவன்மேல் கட்டியவள் அந்த ஒரு கேள்வியின் தூரத்தில் நின்றுபோனாள். அன்று பின்னேரம் அவள் அறையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பொதுப் பட்டக்காரர்களுக்கு மேட்டு விடுதியில் இடம் கொடுத்திருந்தார்கள். உதேனி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சேரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றாள்.

"மார்க் மாறுமாமா?" என்று கேட்டாள் ருவந்திகா.

"இல்ல."

"அப்ப ஆருக்காகப் போய்ச் சொன்னனீ?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையில் தெரிந்துகொள்ள விரும்பியவள் மாதிரித்தான் கேட்டாள். சேரின் அறையிலிருந்து வெளியே வந்தபோது நெஞ்சு கொஞ்சம் இலேசாக இருந்ததை உதேனி நினைத்துப் பார்த்தாள். அதற்காகவும் சேர்த்து வெட்கப்பட்டாள். பெட்டியைத் தூக்க உதவி செய்தாள். மேட்டு விடுதிப் படிகளில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஏறினார்கள்.

இரண்டாம் ஆண்டில் சிறப்புக்காரர்களுக்கும் பொதுக்காரர்களுக்கும் பொதுவாக ஒரு பாடம் இருந்தது. பரீட்சை நெருங்கியபோது, குப்பி யார் கொடுப்பது என்ற பேச்சு வந்தது. உதேனி தன்னைக் கேட்க மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தாள். கேட்டார்கள். அசேலதான் வந்து கேட்டான். வேறு யார் அந்தப் புத்தகங்களைப் படிக்கிறார்கள், நாங்கள் என்ன வெள்ளைக்காரனுக்கா பிறந்தோம் என்றான். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

அதே மரத்தடி வேண்டாம் என்று கெஞ்சி, விளையாட்டுத் திடல் ஓரத்துப் படிகளில் வைத்துக்கொண்டாள். புத்தகத்தையும் அகராதியையும் மடியிலேயே வைத்திருந்தாள். ருவந்திகா கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாள். உதேனி முதல் வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும், "எத்தினையாம் பக்கம்?" என்று அங்கிருந்து கேட்டாள். உதேனி பக்கத்தைச் சொன்னாள். இரண்டாவது வாக்கியத்துக்கும் கேட்டாள். மூன்றாவதுக்கும் கேட்டாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கிறாள் என்று முதலில் சிலர் நெளிந்தார்கள். ஆனால் அவள் ஒவ்வொரு எண்ணையும் கவனமாக ஓரத்தில் எழுதிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் எழுதத் தொடங்கினார்கள். உதேனி பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்து, எண்ணைச் சொல்லிக்கொண்டே போனாள்.

வரி வசூலிக்கும் அதிகாரிகளைப் பற்றிச் சொல்லும்போது, அவர்கள் ஊர்க்காரர்களா, அரண்மனையிலிருந்து அனுப்பப்பட்டவர்களா என்று ருவந்திகா கேட்டாள். நல்ல கேள்வி. உதேனி புத்தகத்தைப் பார்த்தாள். அந்தப் பகுதியை அவள் இரண்டு தடவை படித்திருந்தாள். இரண்டு தடவையும் தெளிவாகப் பிடிபடவில்லை. பழையபடி நிரப்பிவிடலாம், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

"எனக்குத் தெரியாது," என்றாள்.

யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. அசேல கொட்டாவி விட்டான். தெரியாது என்று ஓரத்தில் எழுதிக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். உலகம் இடிந்து விழவில்லை, ஒரு தலைகூட நிமிரவில்லை. ருவந்திகா மட்டும் பேனாவை மூடினாள்.

"இவ்வளவுதானேடி," என்றாள். "இதை அண்டைக்கும் சொல்லியிருக்கலாமே."

உதேனி தலையைக் குனிந்து அடுத்த பக்கத்தைத் தேடினாள். கண் நிறைந்திருந்ததால் எண் தெரியவில்லை. எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.